ஏரிக்குள் நடந்த பெண் பார்ப்பு

மலையூர்களில் பிறந்தவர்களிடம் வழி கேட்கலாம், பழம் என்ன விலை என்று கேட்கலாம், மழை வருமா என்றுகூடக் கேட்கலாம். ஊரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. அவர்கள் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்காடு கடைவீதியில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடை. கடைக்கு மேலே வீடு. மாடி ஜன்னலைத் திறந்தால் ஏரி. அதில் படகு போவதைப் பார்த்துக்கொண்டே நான் பல் தேய்த்திருக்கிறேன், பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஏறியது மட்டும் கிடையாது. படகில் ஏறுவதெல்லாம் சேலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களின் வேலை. நமக்கு எதற்கு?

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சேலத்தில் நூல் வியாபாரம் செய்யும் குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா மகன் ஒருவர் என்று மூன்றே பேர். அந்த அம்மாவைப் பற்றி எங்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. ஒரு பெண்ணைச் சிரித்ததற்காக வேண்டாம் என்றாராம். இன்னொரு பெண்ணைச் சிரிக்காததற்காக. எங்கள் அம்மா இதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்: "நீ வாயவே தொறக்காத சாமி. கேக்கறதுக்கெல்லாம் அப்பா பதில் சொல்லுவாரு."

அதுதான் ஆபத்து என்பது அம்மாவுக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் அப்பாவுக்கு எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். 'ஏன் தெரியாதுங்க?' (கடையில் இல்லாத சாமானைக் கேட்டாலும் 'ஏன் இல்லீங்க, நாளைக்கு வாங்க' என்பார்.)

நான் பட்டுப்புடவையில், தரையைப் பார்த்தபடி, கேசரித் தட்டோடு வந்து நின்றேன். மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. இரண்டு ஜோடி ஆண் கால்களில் எது மாப்பிள்ளையுடையது என்று யாரைக் கேட்பது?

"சமைக்கத் தெரியுமுங்களா?" என்றது ஒரு கனமான பெண் குரல்.

"ஏன் தெரியாதுங்க? இந்தக் கேசரி யார் செஞ்சதுங்கறீங்க?" என்றார் அப்பா. (அம்மா செய்தது.)

"பாட்டு?"

"ஏன் தெரியாதுங்க? வாரத்துக்கு ரெண்டு நாளு டீச்சரு ஊட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாங்க." (டீச்சர் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க வந்தவர்.)

கேள்விகள் திடீரென்று நின்றன. ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பொம்பளைங்க போலாமுங்களா?"

"நொம்ப நல்லாப் போலாமுங்க!"

"பொண்ணுக்குப் படகு ஓட்டத் தெரியுமுங்களா?"

சமையலறைக் கதவோரம் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. அப்பாவைத் தடுக்க அது போதாது. "ஏன் தெரியாதுங்க? ஏரிக்கரையிலயே வளந்த புள்ளைங்க!"

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் அம்மா சொன்னதை அப்படியே கேட்டேன்.

கால் மணி நேரத்தில் படகுத் துறையில் நின்றோம். படகுக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறப் போனார். எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "நீங்க வேண்டாமுங்க. பொண்ணுகிட்ட நான் தனியாப் பேசோணும்."

படகுக்காரர் மறுத்துப் பார்த்தார். அப்பா அவர் தோளைத் தட்டி, "நம்ம புள்ளைதானப்பா" என்று வாயை அடைத்துவிட்டார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்ததும் படகு ஒருமுறை பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. நான் எதிரே உட்கார்ந்து இரண்டு துடுப்புகளையும் பிடித்தேன். கரையிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

வலது கை பலமாக இழுத்தது. இடது கை என்ன செய்தது என்று இன்றுவரை தெரியாது. படகு ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஏரி, கடைவீதி, மலை, மறுபடியும் ஏரி, கடைவீதி.

"இப்படிச் சுத்திப்போட்டுத்தான் போவோணுமா கண்ணு?"

"ஆமாங்கம்மா" என்றேன். அன்று நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அதுவும் பொய்.

எப்படியோ கரையை விட்டு விலகிவிட்டோம். அது என் திறமை என்று நினைத்தேன், உண்மையில் காற்றின் திறமை. ஏரியின் நடுவுக்கு வந்தபோது அந்த அம்மா தொண்டையைக் கனைத்தார். ஏதோ முக்கியமாகக் கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. அதே நேரத்தில் அவருக்குப் பின்னால் இருந்த மலை காணாமல் போனது.

மூடுபனி எங்களுக்குப் புதிதல்ல. ஐப்பசியில் அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஆனால் வீட்டில் இருக்கும்போது வருகிற பனி வேறு, தண்ணீர் மேல் இருக்கும்போது வருகிற பனி வேறு. மலை போனது, மரங்கள் போயின, கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த அப்பா போனார். படகின் முனைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. கை நனைந்து வழுக்கியது. முந்தானையில் ஒரு நிமிடம் துடைத்துக்கொள்ளலாம் என்று இடது துடுப்பை விட்டேன். 'தொபுக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. மீனுங்க."

அவர் கீழே குனிந்து பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். ஒரு கையில் துடுப்பு இருந்தது, இன்னொன்றில் முந்தானை. மீன் கதைக்கு அதற்குமேல் ஆயுசு இல்லை.

"கரை எந்தப் பக்கம் கண்ணு?"

அவர் படகின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் புரிந்தது, எனக்குச் சமமாக அவரும் பயந்துபோயிருக்கிறார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாதுங்கம்மா. இதுக்கு முன்னால ஏறுனதே இல்லீங்க."

படகுக்கடியில் தண்ணீர் 'களுக் களுக்' என்றது.

"நீச்சலு?"

"தெரியாதுங்க."

"பாட்டு?"

"தெரியாதுங்க."

"கேசரி?"

"அம்மா செஞ்சதுங்க." இதைச் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஏனுங்க! ஆராச்சும் இருக்கறீங்களா!" என்று கூப்பிட்டார். பனிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் "அம்மா!" என்று பதறிக்கொண்டு வந்தது. முதலில் வலப்பக்கமிருந்து, அடுத்த தடவை இடப்பக்கமிருந்து, பிறகு எங்களுக்குப் பின்னாலிருந்து. அது எந்தக் கரை என்று சொல்ல முடியவில்லை. நான் ஒற்றைத் துடுப்பை எந்தத் திசையில் போட்டாலும் படகு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் தேய்ந்துபோனது.

எவ்வளவு நேரம் மிதந்தோமோ தெரியாது. திடீரென்று படகு எதிலோ இடித்து நின்றது. சுற்றிலும் கோரைப்புல். புல்லுக்குள் எங்களுக்கு வெகு அருகில் யாரோ பலமாக மூச்சு விட்டார்கள். மனித மூச்சு இல்லை. பனி லேசாக விலகியது. கறுப்பாக, மேடாக ஒரு முதுகு. அதற்கு மேலே வளைந்த இரண்டு கொம்புகள்.

"காட்டெருமைங்க அத்தை" என்று கிசுகிசுத்தேன். (அம்மா என்பது எப்படி அத்தை ஆனது என்று எனக்குத் தெரியாது. பயத்தில் யார்தான் முறை பார்ப்பார்கள்?) காட்டெருமையைப் பற்றி மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரை அது முட்டித் தூக்கிய கதையை எங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லாத ஆளே இல்லை. "அசையாதீங்க. அசைஞ்சா முட்டும்."

அசையவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மோதிரம் என் விரலில் அழுந்தி வலித்தது. உதறவில்லை. 'சேர்வராயா, சேர்வராயா' என்று மலைச்சாமியைக் கூப்பிட்டு அவர் உதடு முணுமுணுத்தது. கொம்புகள் எங்கள் பக்கம் திரும்பின. இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

'டிங்' என்று ஒரு சத்தம்.

மறுபடியும் 'டிங் டிங்'. அது தலையை ஆட்டியது. கழுத்தில் மணி.

"ஏங்கண்ணு," என்றார் அத்தை, மிக மெதுவாக, "காட்டெருமைக்கு மணி ஆரு கட்டுவாங்க?"

யாருடைய வீட்டு எருமையோ, வயிறு புதையச் சேற்றில் சுகமாகப் படுத்திருந்தது. அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த பெண்ணை வேண்டாம் என்ற அதே அத்தை. படகு குலுங்கிற்று. எருமை எழுந்து, எங்களை வெறுப்பாகப் பார்த்துவிட்டு, புல்லுக்குள் நடந்து போனது. அது நடந்து போகிறது என்றால் அந்தப் பக்கம் கரை இருக்கிறது! நாங்கள் படகிலிருந்து இறங்கினோம். சேறு முழங்காலை விழுங்கியது. அத்தை புதைந்து நின்றார். நான் இழுத்தேன், அவர் வரவில்லை, நான் போனேன். பட்டுப்புடவையோடு இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து, கடைசியில் புல்தரையில் வந்து விழுந்தோம்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் படகுல கூட்டியாந்தேன்" என்றார் மூச்சு வாங்கியபடி. "எங் கண்ணாலத்தப்ப என்னைய ஆரும் கேக்கல. உனக்கு எம் பையனப் புடிச்சிருக்குதா?"

"நான் அவரு மொகத்த இன்னும் பாக்கலீங்க அத்தை. காலத்தான் பாத்தேன். அதுலயும் எது அவரு காலுன்னு தெரியலீங்க."

அவர் பதில் சொல்வதற்குள், பனியைக் கிழித்துக்கொண்டு கூம்பு ஸ்பீக்கர் ஒன்று அலறியது. கோயில் திருவிழாவுக்காகக் கடைவீதியில் கட்டியிருந்த மைக் செட்.

"பொதுமக்கள் கவனத்திற்கு! பொதுமக்கள் கவனத்திற்கு! கடைவீதி மளிகைக் கடைக்காரர் மகளும், அவருடைய சம்பந்தியம்மாவும் ஏரியில் படகோடு காணாமல் போய்விட்டார்கள்! பார்த்தவர்கள் உடனே..."

அத்தை சேற்றுக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மாவா? நான் இன்னும் சரின்னே சொல்லலியே!"

அப்பாவின் வேலைதான். பதற்றத்திலும் அவர் மாறவில்லை. எனக்கு மறுபடியும் ஏரிக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது.

செருப்பில்லாமல், தலையில் கோரைப்புல்லோடு, ஏரிக்கரைச் சாலையில் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் ஸ்பீக்கர் எங்களைக் காணவில்லை என்று எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. படகுத் துறையில் கடைவீதியே திரண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் பேண்ட்டோடு நின்று, குரல் முழுக்கக் கம்மிப்போய், இன்னும் "அம்மா! அம்மா!" என்று ஏரியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீச்சல் தெரியாதாம். நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுதான் எம் பையன்" என்றார் அத்தை. "இப்பப் பாத்துக்க."

பார்த்தேன். முகம் வெளிறி, மூக்கு ஒழுகி, தலைமுடி நெற்றியில் ஒட்டி, பெண் பார்க்க வந்த எந்த மாப்பிள்ளையும் அவ்வளவு அலங்கோலமாக இருந்திருக்க மாட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

"புடிச்சிருக்குதுங்க" என்றேன்.

அப்பா ஓடி வந்து கைகூப்பினார். அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் பேச்சு இல்லை. அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஊரு முழுக்கச் சொல்லிப்போட்டீங்க. இனி மாத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? நாளு பாருங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. கேசரி நான் கிண்டக் கூடாது என்பது மட்டும் அத்தை போட்ட நிபந்தனை. அதை இன்றுவரை மீறவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை முடிவு செய்யாமல் இழுத்தடித்தால், அத்தை ஒரே கேள்விதான் கேட்பார்: "மைக்குல சொல்லச் சொல்லட்டா?" அதற்குப் பயந்தே என் கணவர் வீடு வாங்கினார், மச்சினன் சிகரெட்டை விட்டான். போன வருடம் என் மகளைப் பெண் கேட்டவர்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போய் ஒரு மாதமாகப் பதிலே இல்லை. எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகள் போனை எடுத்து, எங்கள் எதிரிலேயே அந்தப் பையனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நாளைக்குச் சாயங்காலம் ஏற்காடு கடைவீதியில மைக் செட்டு சொல்லியிருக்கறோம். என்னன்னு சொல்லட்டுமுங்க?"

அன்று ராத்திரியே சரி என்று பதில் வந்துவிட்டது.