பக்ஷீஷ் வாங்காத காவலாளி

கெய்ரோவில் வேலை பார்க்கும் என் கண்மணி நக்லாவுக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து வாப்பா பய்யூமி ஆயிரம் ஸலாமுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உம்மா நலம், வெள்ளைச்சியைத் தவிர மொட்டைமாடிப் புறாக்கள் எல்லாம் நலம். நீ செய்து அனுப்பிய கூண்டு விளக்குதான் நலமில்லை. உடனே புறப்பட்டு வரவும்.

முதல் விளக்கில் பேட்டரிகளைப் போட்டதும் புகை வந்தது. நீ ரயிலேறி வந்து சில நாள் இருந்தாய். இரண்டாவது விளக்கு புகைகூட விடாமல் செத்தது. அப்போதும் வந்தாய், உம்மா மீன் பொரித்தாள். இரண்டு தடவையும் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டேன் என்று என்மீதே பழி. பிஸ்மில்லா சொல்லி, எந்த நல்ல காரியத்தையும் போல வலப்பக்கத்திலிருந்துதானே தொடங்கினேன்? பேட்டரியின் தலை வலப்பக்கம் இருந்தால் என்ன குற்றம்? மூன்றாவது விளக்கைத் தபாலில் அனுப்பிவிட்டு, தொலைபேசியில் சொன்னாய்: "வாப்பா, உள்ள மூணு கால் வெச்ச கறுப்பு டிரான்சிஸ்டர் ஒண்ணு இருக்கு. நம்ம கட்டட வாசல்ல காவலாளி உக்காந்திருக்கார்ல, அந்த மாதிரி. பேட்டரி சரியா இருந்தா கதவைத் திறப்பான். தலைகீழா இருந்தா திறக்கவே மாட்டான். ஒண்ணும் எரிஞ்சு போகாது." இவனுக்குப் பதிலாக 'டையோடு' என்கிற சாமானைப் போட்டிருந்தால் வருகிற மின்சாரத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுமாம்; இவன் கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்கமாட்டானாம். கைநீட்டிப் பக்ஷீஷ் காசு வாங்காத காவலாளியா? அதுவும் எகிப்திலா? அப்போதே எனக்குச் சந்தேகம்.

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. விளக்கு எரியவும் இல்லை, புகையவும் இல்லை. இருட்டில் கூண்டு தெரியாமல் வெள்ளைச்சி பக்கத்து மாடி ஷவ்கியின் கூண்டில் போய் அடைந்துவிட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னய்யா பய்யூமி, மக இஞ்சினியர்னு பெருமை அடிச்சுக்கிட்டே? ஒரு மெழுகுவத்தியாவது அனுப்பச் சொல்லேன்" என்கிறான்.

நேற்றுப் பிற்பகல், கடல்காற்றில் மாடியிலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் நான் பேட்டரி அளவுக்குச் சிறுத்து அந்தப் பெட்டிக்குள் போகிறேன். வாசலில் அந்தக் காவலாளி மூன்று கால்களையும் மடக்கி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், நிலா வெளிச்சம் போல ஏதோ பரவியிருக்கிறது. அதில் புறாக்கள் சத்தமில்லாமல் வட்டமிடுகின்றன. "பெரியவரே, முதுகைக் காட்டிக்கிட்டு வர்றீங்க. திரும்பி வாங்க" என்றான். காசு நீட்டினேன், சிரித்தான். "என் மக எங்கப்பா?" என்றேன். "அவங்க எதுக்கு வரணும்? அதுக்குத்தானே என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க" என்றான். விழித்தபோது மாடியெல்லாம் சாயங்கால வெயில், கன்னமெல்லாம் ஈரம். கடல்காற்று என்று உம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

ஆகவே மகளே, அந்தக் காவலாளியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி எரிந்துபோகிற விளக்காக ஒன்று செய்து கொடு. பெருநாளுக்குப் பிறகு உன் முகத்தையே பார்க்கவில்லை.

அல்லாஹ் உன் கைகளுக்குப் பரக்கத்தும் உன் மேலதிகாரிக்கு லீவு கொடுக்கும் மனசும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா பய்யூமி,
ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் உம்மா மாடிக்கு வந்தாள், பேட்டரிகளைத் திருப்பிப் போட்டாள். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச்சியும் ஷவ்கியை விட்டுவிட்டு வந்துவிட்டது. காவலாளி யோக்கியன்தான், மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. ஆனால் உம்மா கீழே இறங்கியதும் பேட்டரிகளை மறுபடி வலப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். இப்போது விளக்கு எரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்து என்னவென்று பார்.