மூணு பாஷையிலயும் ரொம்ப மோசம்

"பதினெட்டு கேள்விக்கும் 'ரொம்ப மோசம்'னா போட்டிருக்கீங்க?"

ஃபார்ம்காரருக்கு முகம் வெளுத்துடுச்சு. ஐசியூவுல இருக்கறவங்க குடும்பத்துக்கு கவனிப்பு திருப்தியான்னு கேட்டு எழுதி வாங்கறதுதான் அவர் வேலை.

டைலரக்கா ஆமான்னு தலையாட்டினாங்க. உள்ள அவங்க வீட்டுக்காரர் பத்து நாளா கண்ணு திறக்காம கிடக்கறார்.

"நர்ஸ் கவனிப்பு கூடவா?"

"அதுதான் இருக்கறதுலயே மோசம்."

உண்மை என்னன்னா, அந்த நர்ஸ் பொண்ணை அக்கா மனசுக்குள்ள கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பெத்த பொண்ணு மாதிரி அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும், தலை வாரி விடும், காதுகிட்ட உக்காந்து பாட்டு பாடும், "அப்பா, அப்பா"ன்னு கூப்பிடும். ஆனா அக்கா வீட்டுல நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. கண்ணு பட்டுடும். தச்ச துணியை யாராவது மெச்சினா, "என்னத்த தச்சேன், ஏதோ கந்தல்"ம்பாங்க.

மொழிபெயர்ப்புலதான் கோளாறுன்னு ஃபார்ம்காரர் முடிவு பண்ணிட்டார். கடைக்கு வர்றவங்க புண்ணியத்துல அக்காவுக்கு இன்னும் ரெண்டு பாஷை படிக்கத் தெரியும். அந்த ரெண்டுலயும் ஃபார்ம் கொண்டு வந்தார். அக்கா ரெண்டுலயும் 'ரொம்ப மோசம்' போட்டாங்க, கொஞ்சம் அழுத்தியே.

சாயங்காலம் பெரிய டாக்டரே வந்துட்டார்.

"மன்னிச்சுடுங்கம்மா. அந்த நர்ஸை நாளையிலேருந்து மாத்திட்டோம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஐயையோ! எதுக்கு சார்?"

"நீங்கதானேம்மா எழுதினீங்க? அதுவும் மூணு பாஷையில!"

டாக்டர் போனதும் கொழுந்தனார் தலையில அடிச்சுக்கிட்டார். "அண்ணி, கண்ணும் வேணாம் மூக்கும் வேணாம். உள்ளதை எழுதித் தொலைங்க!"

"உங்க அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அந்தப் பொண்ணு போயிட்டா மட்டும் ஆகாதா?"

அக்கா புது ஃபார்ம் கேட்டு வாங்கினாங்க. பதினெட்டுக்கும் 'ரொம்ப அருமை'. இடம் பத்தாம பின்பக்கமும் நர்ஸைப் பத்தி எழுதித் தள்ளினாங்க.

மறுநாள் காலையில ஃபார்ம்காரர் வாயெல்லாம் பல்லா ஓடி வந்தார்.

"அக்கா! இப்படி ஒரு பாராட்டை இந்த ஆஸ்பத்திரியே பார்த்ததில்ல! நர்ஸுக்குப் பதவி உயர்வு! புதுசா வர்றவங்களுக்கு மேல்மாடியில சொல்லிக்குடுக்கப் போறாங்க. இனிமே இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல!"

அக்கா நாற்காலியில பொத்துன்னு உட்கார்ந்துட்டாங்க.

"பார்த்தீங்களா தம்பி? எழுதின மை காயல, கண்ணு பட்டுடுச்சு! இனி உங்க அண்ணனை யாரு பார்ப்பா?"

கொழுந்தனார் பதில் சொல்றதுக்குள்ள கதவு படார்னு திறந்துச்சு. புது நர்ஸ்.

"அம்மா, ஓடி வாங்க! ஐயா கண்ணு முழிச்சுட்டார்!"

அக்கா செருப்பை எங்க விட்டாங்கன்னே தெரியல. உள்ள அவர் கண்ணை மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி யாரையோ தேடினார்.

"அந்தப் பொண்ணு... போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க!" அக்கா ஓன்னு அழுதாங்க. "என்னாலதான் போயிடுச்சு!"

"அப்பாடா! நாலு நாளா எனக்கு நினைவு இருக்குடி. கண்ணைத் திறந்தா இன்னும் சத்தமா பாடுமேன்னுதான் இறுக்கி மூடிக்கிட்டுக் கிடந்தேன்!"