வெர்னர் ஓயாலா தோட்டா தேர்ந்த காதை

பனி முந்திப் பொழியும் மேல் மிச்சிகன் காட்டின் காவலனே, சாலைத்துறைப் பனிவாரி வண்டியின் சாரதியே, இருபத்தெட்டுக் குளிர்காலம் நெடுஞ்சாலைகளைக் கிழித்து வழிகண்ட கோமானே, ஆரஞ்சுக் கவசம் பூண்ட அகன்ற மார்பனே, நான்கு ஆண்டுகளில் நான்கு மான்களை ஒரு கீறலும் படாமல் வீட்டுக்கு வழியனுப்பிய பேரருளாளனே, வெர்னர் ஓயாலாவே, வாழி. உன் கீர்த்தியைச் சொல்லப் புகுந்த என் நா தடுமாறாமல் இருக்க, வேட்டைக்குரிய தெய்வமும், சரளைக் குழிக்குரிய தெய்வமும், பழைய காப்பி டப்பாக்களைக் காத்து நிற்கும் சின்னஞ்சிறு தெய்வமும் துணைபுரிக.

நவம்பர் பதினான்காம் நாள் நண்பகல். மான் வேட்டை தொடங்க அரைப் பகலும் ஓர் இரவுமே மிச்சம். ஊருக்கு வெளியே, மண் அள்ளிக் கைவிட்ட சரளைக் குழியில், கனத்த மர மேசைக்குப் பின்னே நம் வீரன் அமர்ந்திருந்தான். நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் அட்டைப் பெட்டி. அதன் முகத்தில் ஆணியடித்த வெள்ளைக் காகிதத் தட்டு. தந்தை விட்டுச்சென்ற ரைபிள் மணல்மூட்டை மேல் மகவைப்போல் கிடந்தது. காற்று இல்லை. கை நடுங்கவில்லை. மூச்சை அடக்கி, ஐந்து முறை சுட்டான். ஐந்து ஓட்டைகள் விழுந்தன: ஒன்று தட்டின் உச்சி விளிம்பில், ஒன்று இடக்கோடியில், ஒன்று வலக்கோடியில், ஒன்று தட்டைத் தவிர்த்து அட்டைப் பெட்டியின் அடிவயிற்றில், ஒன்று எங்கே போயிற்று என்பதை அந்தச் சரளைக் குழியே அறியும்.

ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே கண், ஒரே மேசை. பிறகு ஏன் ஐந்து திசை? கிரகங்களின் போக்கை நினைத்து வியந்த முனிவர்போல் வெர்னர் அந்தத் தட்டை நினைத்து வியந்தான். முனிவர்களுக்கு அவசரம் இல்லை, அவனுக்கு இருந்தது.

ஏனெனில் அங்கே துளைபட்டது வெறும் தட்டன்று. கரடி ஏரிக்கரையில் ஓயாலா குடும்பத்து வேட்டை முகாம் ஒன்று உண்டு. அதன் அடுப்படிச் சுவரைக் கண்டவர்க்கு இது விளங்கும். மானைச் சுட்டுத் தவறவிட்டவனுடைய சட்டையின் பின்வாலை, மீன் அறுக்கும் கத்தியால் அறுத்து, பெயரும் ஆண்டும் எழுதி, அந்தச் சுவரில் ஆணியடிப்பது தொன்றுதொட்ட வழக்கம். சுவரில் அடுத்தடுத்து நான்கு கட்டம்போட்ட துணிகள் தொங்கின. நான்கிலும் ஒரே பெயர். முகாம் சட்டமோ இப்படிச் சொல்கிறது: அடுத்தடுத்து ஐந்து ஆண்டு சட்டைவால் இழந்தவன், தன் வேட்டைப் பரணை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சட்டி கழுவ வேண்டும். அவனுடைய தந்தை தன் கையால் தேவதாரு மரத்தில் கட்டிய பரண் அது. சதுப்புக்கும் மேட்டுக்கும் இடையே, மான்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதுபோல் வரிசையாய் வரும் தடத்துக்கு நேர் மேலே நிற்பது. நான்கு ஆண்டு அதில் அமர்ந்தும் மானைத் தவறவிட ஒருவனுக்குத் தனித்திறமை வேண்டும். அந்தத் திறமையில் வெர்னருக்கு இணை கிடையாது.

அந்தச் சட்டத்தை இயற்றியவன் யார் என்று கேட்பீர்களாயின், அதுவும் வெர்னரே. ஆறு ஆண்டுகளுக்கு முன், தங்கை மார்லிஸின் கணவன் டுவேன் பெரோ தொடர்ந்து இரண்டு முறை சட்டைவால் இழந்தபோது, அவனைப் பார்த்து இன்னும் நன்றாகச் சிரிக்கும் பொருட்டு, நம் பெருந்தகை தன் வாயாலேயே முன்மொழிந்து, தன் கையாலேயே கதவில் செதுக்கிய சட்டம் அது. பரணுக்கு அடுத்த உரிமை இப்போது டுவேனுக்கு. அவன் தன் மடக்கு நாற்காலியை நேற்றே பரணில் ஏற்றி வைத்துவிட்டான்.

இனித் தோட்டாவின் பெருமையைச் சொல்வேன்.

ஒரு தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: ஒரு பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறியெழும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். நம் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி ஒரு கிரெய்ன். ஒரே துப்பாக்கிக்குள் பொருந்தும் தோட்டாக்களிலேயே இலேசான குண்டும் உண்டு, கனத்த குண்டும் உண்டு. இலேசானது விரைந்து பறக்கும். கனத்தது மெல்லச் சென்று ஆழப் பாயும். ஈயமூக்கு வைத்தது மான் உடலில் பட்டதும் காளானைப்போல் விரியும். இவற்றுள் எது நெஞ்சில் பட்டாலும் மான் விழும். இந்த வேறுபாடுகள் மானுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வெர்னர் அதற்கு வாய்ப்பே தந்ததில்லை.

தவறிய ஒவ்வொரு முறையும் அவன் தன்னைப் பழித்தானில்லை, தந்தையின் துப்பாக்கியைப் பழித்தானில்லை, தோட்டாவைப் பழித்தான். இலையுதிர்காலந்தோறும் இரும்புக்கடையின் கடைசி வரிசைக்குச் சென்று, சுயம்வர மண்டபத்தில் மாலையோடு நிற்கும் இளவரசியைப்போல், பெட்டி பெட்டியாய் முகம் பார்த்து நடந்தான். பெட்டிதோறும் ஒரு மான் படம். எந்தப் பெட்டியின் மானுக்குக் கொம்பு பெரிதோ அந்தப் பெட்டிக்கே மாலை விழுந்தது. முதலாண்டு நூற்றைம்பது கிரெய்ன்; கிளையில் பட்டு விலகிற்று என்று துறந்தான். அடுத்த ஆண்டு, யானைப்படை நிகர்த்த இருநூற்றிருபது. மந்தம் என்று துறந்தான். பிறகு புரவிப்படை நிகர்த்த நூற்றிருபத்தைந்து. அவசரக்குடுக்கை என்று துறந்தான். பிறகு முழுச் செம்பால் ஆன நூற்றறுபத்தைந்து. மானுக்குச் செம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வாண்டு வெள்ளிநிறக் கூட்டில் நூற்றெண்பது. அந்தப் பெட்டியின் மான் கொம்பில் ஒரு குடும்பமே துணி உலர்த்தலாம்.

துறந்தவை எங்கே போயின? பின்லாந்திலிருந்து வந்து நூறாண்டாகியும் ஆணி வளைந்தால் நிமிர்த்தி வைக்கும் குடியில் பிறந்தவன் அவன். மீந்த தோட்டாக்கள் யாவும் ஒரு காப்பி டப்பாவுக்குள் சென்று சேர்ந்தன. அந்த டப்பாவை நோக்கி ஒரு நாள் சிந்தித்திருந்தபோதுதான் போர்க்கலை வரலாற்றில் யாருக்கும் தோன்றாத ஒன்று அவனுக்குத் தோன்றிற்று: ஐந்து தோட்டா கொள்ளும் ரைபிளில், ஐந்தையும் ஐந்து வகையாய் நிறுத்தும் மாவியூகம். நின்ற மானுக்கு முதலாவது வெள்ளிக்கூடு. புதருக்குள் மறைந்தால் இரண்டாவது யானை. தொலைவில் ஓடினால் மூன்றாவது புரவி. மழை வந்தால் நான்காவது செம்பு. தெய்வச் செயலுக்கென ஐந்தாவது. இந்த வரிசையைச் சிறு அட்டையில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டியும் வைத்திருந்தான். மானும் அதே வரிசையில் நடந்துகொள்ளும் என்பதில் அவனுக்கு ஐயமில்லை.

இந்த வியூகத்தோடு அவன் குறி சரிபார்த்த அழகைக் கேளுங்கள். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கிக்கு இரண்டு குமிழ்கள்; ஒன்று மேல் கீழ், மற்றது இடம் வலம். ஒரு சொடுக்குத் திருப்பினால் நூறு கஜத்தில் கால் அங்குலம் நகரும். முதல் குண்டு உச்சியில் விழுந்ததா, பன்னிரண்டு சொடுக்கு கீழே திருப்பினான். அடுத்து வந்த யானை தன் இயல்புப்படி அட்டைப் பெட்டியின் அடியில் விழுந்தது. இருபது சொடுக்கு மேலே. அடுத்து வந்த புரவி இடக்கோடிக்குப் பாய்ந்தது. பதினாறு சொடுக்கு வலமே. இப்படிக் கடைசியாய் விழுந்த ஓட்டையைத் துரத்தித் துரத்தி, இல்லாத ஊருக்கு வழி கேட்டு நடக்கும் வழிப்போக்கனாய், காலை முதல் அவன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தான்.

டுவேன் தன் வண்டியின் கதவில் சாய்ந்து, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தபடி நின்றான்.

"என்ன மச்சான், தட்டு குண்டு பட்டுச் செத்துச்சா, இல்ல பயத்துலயே போயிருச்சா?"

"வாய மூடு மாப்ள. மருந்துல ஈரம் ஏறியிருக்கு."

"இருக்கும் இருக்கும். மொத வருஷம் கிளை. போன வருஷம் செம்பு. இந்தத் தடவ ஈரம். நாளைக்குக் கொஞ்சம் நல்ல சட்டையா போட்டுட்டு வா. சுவத்துல பாக்க லட்சணமா இருக்கணும்ல."

"நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அந்தப் பரண்ல நீ உக்கார முடியாது."

"உயிரோட இருந்து சட்டி கழுவு, அது போதும். இந்தா, எங்கிட்ட மூணு தோட்டா மீந்து கெடக்கு. வேற ரகம். டப்பாவுல போட்டுக்கோ, உனக்கு ராசியா இருக்கும்."

நான்கு ஆண்டுகளாய் டுவேன் இப்படிக் கொடுத்து வந்தான். கொடையில் அவனை விஞ்ச ஆளில்லை. வெர்னர் அதை வாங்கிக்கொண்டு, மேசையினின்றும் எழுந்து, காகங்கள் கேட்க முழங்கினான்: "குழியே கேள், தட்டே கேள். பெட்டிகளுக்குள்ளே பெரிய பெட்டி எதுவோ அதை நான் இன்னும் காணவில்லை. கண்ட நாளில் இந்தக் காட்டில் மான் என்ற சொல்லே மிஞ்சாது." காகங்கள் பறந்து போயின.

அப்போது மார்லிஸ் வந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டிகளைத் துண்டில் பொதிந்து, கணவனுக்கும் அண்ணனுக்கும் கொண்டுவந்தவள். குளிர்காலம் முழுக்கக் கையுறை பின்னிக் கடைகளுக்குக் கொடுப்பவள். மேசையடியில் சிதறிக் கிடந்த வெற்றுக் கூடுகளை, அவளும் அதே குடியில் பிறந்தவளாகையால், குனிந்து பொறுக்கினாள். பொறுக்கியவள் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது என்ன ஒண்ணு மஞ்சளா இருக்கு, ஒண்ணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு கறுத்துப் போயிருக்கு?"

"அது ஒரு கணக்கும்மா. சொன்னா உனக்குப் புரியாது."

"ஒரு கையுறைய அஞ்சு கண்டுல இருந்து நூல் எடுத்துப் பின்னினா எப்படி வரும்னு எனக்குப் புரியும்."

"நூலு வேற, தோட்டா வேற."

"அதத்தான் நானும் சொல்றேன். இதுல ஒண்ணொண்ணும் வேற." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இத பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

"நான் என்னத்தக் கண்டேன். நான் காப்பி ஊத்திக்கிட்டு இருந்தேன்."

"நாலு வருஷமாவா?"

டுவேன் பிளாஸ்கின் மூடியை மிகுந்த கவனத்தோடு திருகி மூடினான்.

அவள் வண்டிக்குப் போய் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். நூற்றைம்பது கிரெய்ன். வெள்ளை அட்டை, படமில்லை, பளபளப்பில்லை. ஒன்பது ஆண்டாய் அதே ரகத்தையே வாங்கி, ஆண்டுக்கு ஒரு மானாய் ஒன்பது மான் வீழ்த்தியவள் அவள். அதை வெர்னர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. ஒரு மானுக்கு ஒரு தோட்டா செலவழிப்பவளிடம் கற்க என்ன இருக்கிறது?

"இதுல மான் படமே இல்லையே."

"மான் காட்டுல இருக்கு. உக்காந்து சுடு. குமிழத் தொட்டா கைய ஒடிப்பேன்."

சுட்டான். முதல் குண்டு கீழே இடப்பக்கம் விழுந்தது, அவன் விரல்கள் பழக்கத்தால் குமிழை நோக்கி ஊர்ந்தன, மார்லிஸ் தட்டிவிட்டாள். மீண்டும் சுட்டான். ஐந்து முடிந்ததும் நடந்து போய்ப் பார்த்தார்கள். தட்டின் நடுவிலிருந்து நான்கு அங்குலம் கீழே, மூன்று அங்குலம் இடமே, ஐந்து ஓட்டைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தன.

"அஞ்சும் தப்பு" என்றான் டுவேன், புதிய உற்சாகத்தோடு.

அறிவிலியின் மகிழ்ச்சி அது. ஐந்து இடத்தில் ஐந்து தவறு என்றால் அதற்கு மருந்தில்லை. ஒரே இடத்தில் ஐந்து தவறு என்றால் அது ஒரே தவறு. மருந்து வெடிக்கையில் துப்பாக்கிக்குழல் மீட்டிய தந்தியைப்போல் அதிர்கிறது. குண்டின் எடையும் மருந்தின் அளவும் மாறினால், அந்த அதிர்வின் வேறொரு கணத்தில் குண்டு குழலை விட்டு வெளியேறுகிறது. வேகமும் மாறுவதால் விழும் இடமும் மாறுகிறது. ஒரே எடை, ஒரே மருந்து என்றால் ஒவ்வொரு முறையும் அதே கணம், அதே வழி. அந்த வழி நடுவுக்குப் போகாவிட்டால் தொலைநோக்கியைத்தான் நகர்த்த வேண்டும், ஒரே ஒரு முறை. மார்லிஸ் பதினாறு சொடுக்கு மேலேயும் பன்னிரண்டு சொடுக்கு வலமேயும் திருப்பினாள். அடுத்து அவன் சுட்ட மூன்றும் தட்டின் நடுவே ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன.

மறுநாள், மான் வேட்டைக்கென்று பள்ளிகளே பூட்டிக் கிடந்த அந்தப் புனித நாளில், உறைபனி பூத்த சதுப்பின் ஓரமாய், எட்டுக் கிளைக்கொம்பு தாங்கி, நான்கு ஆண்டு அனுபவத்தால் பரணைச் சற்றும் அஞ்சாது நடந்து வந்த மானொன்றை, நம் பெருமகன் டுவேனின் மடக்கு நாற்காலியிலேயே வசதியாய் அமர்ந்து, ஒரே குண்டில் வீழ்த்தினான். சட்டைவால் தப்பியது, பரண் தப்பியது. டுவேன் ஏணி ஏறித் தன் நாற்காலியைத் தானே இறக்கிச் சுமந்து போனான். மாலை உணவின்போது வெர்னர் எழுந்து, கரண்டியால் கோப்பையைத் தட்டி அமைதி வேண்டி, தோட்டா தேர்தல் என்பது தவம் என்றும், எடையும் உலோகமும் கூட்டின் நிறமும் காற்றின் மனமும் மானின் குலமும் நூறாண்டு காலம் ஆராய்ந்தவனுக்கே அது கைகூடும் என்றும், அந்த இரகசியத்தை வருங்காலத்தார்க்குத் தானே விரைவில் உரைப்பதாகவும் பிரகடனம் செய்தான். மார்லிஸ் உப்பை எடுத்துத் தரச் சொன்னாள்.

அந்த இரகசியம் இவ்வளவே: தோட்டாக்கள் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை.