நாலடி பத்து அங்குலத்தைப் பூட்டிவைக்கச் சொன்ன அண்ணைக்கு

இல்ஃபோர்ட், லண்டன்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய அண்ணை கணேசலிங்கம் அவர்களுக்கு,

தங்கை சிவமலர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் ஆனந்தராஜாவும் மருமகள் கௌசியும் சுகம். உங்கள் சுகத்தை அறிய இப்போதைக்கு எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் கேட்கத்தான் வேண்டும் என்று அப்பா பழக்கிவிட்டபடியால், உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை கண்டால் சிவப்புப் பேனையால் சுழிக்க வேண்டாம். நீங்கள் வாத்தியார் வேலையை விட்டு முப்பது வருடமாகிவிட்டது.

விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் ரொறன்ரோவிலிருந்து என் மகனுக்குப் போன் எடுத்துச் சொன்ன வசனம் இது: "அவள் கட்டையடா. கட்டையான ஆள் ஒருத்தரோடையும் மல்லுக்கட்டேலாது. தனிய வெளியில விடாதை." நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீங்கள் நடுவில் ஒருமுறை இருமியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று பின்னேரமே என் வாசல் பூட்டுத் திறப்பை மகன் வாங்கி வைத்துவிட்டான். இந்த ஊர்க் கதவு உங்களுக்குத் தெரியும், சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பு இல்லாதவள் வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர ஏலாது. பதினெட்டு வருடமாகத் தனியே கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவள், மகனும் மருமகளும் வேலையால் திரும்பி வரும்வரை யன்னலடியில் குந்தியிருந்து பஸ் எண்ணினேன். என்னைக் குந்தவைத்தது நீங்கள்தான்.

நீங்கள் அப்படிச் சொல்லக் காரணமான கள்ளன் கதையை மகன் உங்களுக்குச் சொன்ன விதமே பிழை. "அம்மாவை ரோட்டில இழுத்து விழுத்திப்போட்டாங்கள்" என்றானாம். நடந்தது இதுதான். மரக்கறிக் கடை வாசலில் சைக்கிளில் வந்த ஒருவன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை, அவன் இழுக்க நான் இழுபட, மூன்று கடை தாண்டி, கடைசியில் பையின் வார் அறுந்தது. அவன் வாரோடு போனான். நான் பையோடு விழுந்தேன். பைக்குள் இருந்த கறிவேப்பிலை ஒரு இலை கசங்கவில்லை. இதில் வென்றது யார்? படித்த நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது என் உயரம். நான் நாலடி பத்து அங்குலம். டொக்டரிடத்தில் நர்ஸ் ஒன்பதே முக்கால் என்று எழுதினாள், அவள் என் கொண்டையை அமத்திப் பிடித்துக்கொண்டு அளந்தவள். நீங்கள் ஐந்தடி பதினொன்று. ஆறடி என்று சொல்லித் திரிகிறீர்கள், நான் இதுவரை ஒருவருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

திறப்பு போனதும் நான் சாப்பிடாமல் இருந்தேன் என்று கௌசி உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அது பொய், மத்தியானம் சாப்பிட்டேன். ஆனால் மகன் பயந்துவிட்டான். எங்கள் தெருவில் இருக்கிற நிர்மலா, தமிழ்நாட்டுப் பிள்ளை, என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவள், அவள்தான் வழி சொன்னாள். வியாழக்கிழமைகளில் பக்கத்து மண்டபத்தில் அறுபது வயது தாண்டிய பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு, அவளுடைய மாமியாரையும் கூட்டிப்போகிறாளாம். மகன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சரி, போங்கோ அம்மா. அங்க ஒரே ஒரு ஆளையாவது சமாளிச்சுக் காட்டுங்கோ, திறப்பைத் தாறன்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

படிப்பிக்கிறவன் பெயர் மார்ட்டின். ஆறடி மூன்று அங்குலம். முதல் வியாழன் கத்தப் பழக்கினான், அது எனக்குப் பழக்கத் தேவையில்லை. இரண்டாம் வியாழன் கையைப் பிடித்தால் உதறுவது எப்படி என்று காட்டினான். மூன்றாம் வியாழன், அதாவது போன கிழமை, இன்றைக்கு உயரத்தைப் பற்றிப் பார்ப்போம் என்று சொல்லி, இங்கே ஆகக் கட்டையானவர் யார் என்று கேட்டான். ஒருவரும் கைகாட்டவில்லை. பதினாலு பேரும் குனிந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் முன்னுக்குப் போனேன். அவன் நிர்மலாவிடம் ஏதோ சொன்னான். அவள், "ஆன்ட்டி, உங்க நெத்தியில கை வைக்கலாமான்னு கேக்கிறார். உயரமா இருக்கிறவங்களுக்குக் கை நீளமாம், நீங்க எவ்வளவு வீசினாலும் அவருக்கு எட்டாதாம், அதைக் காட்டப்போறாராம்" என்றாள். வைக்கட்டும் என்றேன். வைத்தான்.

அண்ணை, அந்த உள்ளங்கை நெற்றியில் பட்டதும் எனக்கு லண்டன் மறந்துபோனது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு ஆவணி மாதம், சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது, உங்களுக்குப் பன்னிரண்டு. என் பங்குப் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, இடக்கையை என் நெற்றியில் ஊன்றிப் பிடித்தீர்கள். நான் இரண்டு கையாலும் வீசினேன், எல்லா அடியும் காற்றில் போனது. நீங்கள் ஆறுதலாகச் சப்பி முடித்து, "எட்டுதே? எட்டுதே பிள்ளை?" என்று கேட்டீர்கள். கிருஷ்ணராசா மச்சானும் நின்று சிரித்தவர். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. தின்றவருக்கு ஞாபகம் இருக்காது.

அதே மாதிரித்தான் மார்ட்டினும் நிற்கிறான், நான் வீசுகிறேன், கை அவன் சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் இந்தப்பக்கம் நிற்கிறது, பதினாலு கிழவிகளும் சிரிக்கிறார்கள், நிர்மலாவின் மாமியார் எல்லாரையும்விடப் பலத்துச் சிரிக்கிறா, எனக்கு அறுபத்து நாலு வருடத்துக் கோபம் உள்ளங்காலில் இருந்து ஏறுகிறது, முழுப் பாரத்தையும் நெற்றியில் கொடுத்து அவன் கையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன், அந்த நேரம் அவன் மற்றக் கையை ஓங்கிக்கொண்டு "டக்!" என்று கத்தினான். டக் என்றால் என்ன? டக்கெண்டு வா என்பதுதானே. நீங்கள் வகுப்பில் எத்தனை தரம் பிள்ளைகளிடம் "டக்கெண்டு, டக்கெண்டு" என்று கத்தியிருப்பீர்கள். கத்திய கையோடு அவன் என் நெற்றியில் இருந்து கையை எடுத்தான். நான் டக்கெண்டு போனேன். அவன் ஓங்கின கை எங்கேயோ ஆகாயத்தில் என் கொண்டைக்கு மேலால் போனது. என் தலை நேரே அவன் வயிற்றில். ஆறடி மூன்று அங்குலமும் நீல மெத்தையில் தொப்பென்று விழுந்தது.

"ஐயோ ஆன்ட்டி!" என்று நிர்மலா ஓடிவந்தாள். "டக்குன்னா குனியணும் ஆன்ட்டி! இங்கிலீசு டக்!"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை. எங்கட ஊரில டக் எண்டால் டக்கெண்டுதான்."

அவள் என் கொண்டையைச் சரிசெய்துவிட்டாள். "எங்க ஊர்லயும் டக்குன்னுதான்" என்றாள். சாவி என்பாள், நான் திறப்பு என்பேன். ஆமா என்பாள், நான் ஓம் என்பேன். இந்த ஒரு சொல்லில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

அந்த நேரம் பார்த்து என்னைக் கூட்டிப்போக மகன் வந்தான். கதவுக் கண்ணாடியால் கூட்டத்தைக் கண்டுவிட்டு, "அம்மா விழுந்திட்டாவோ?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். எல்லாரும் மெத்தையைக் காட்டினார்கள். 

மார்ட்டின் நல்ல பிள்ளை. மூச்சு வந்ததும் இருந்தபடியே சிரித்தான், எனக்குக் கைதந்தான். அவன் சொன்னதை நிர்மலா மொழிபெயர்த்தாள்: "தூரத்துல நின்னா உயரமானவங்களுக்குத்தான் லாபமாம். கட்டையா இருக்கிறவங்க உள்ளே புகுந்துட்டா அந்த நீளக் கை உதவாதாம். உயரமானவன் மேலேயே பார்த்துக்கிட்டு வயித்தை மறந்துடுவானாம். ஆனா நிசமா திருடன் வந்தா பையைக் கொடுத்துட்டு ஓடிடணுமாம்." கடைசி வசனம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

காரில் மகன் இரண்டு சிக்னல் தாண்டும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினான். பிறகு, "சரி அம்மா. நான் சொன்னது சொன்னதுதான். திறப்பு உங்களுக்கு. வைச்ச இடத்தில கிடக்கு, நீங்களே எடுங்கோ" என்றான். கேட்டீர்களோ அண்ணை? நீங்களே எடுங்கோ என்றான்.

ஆகவே இனி நீங்கள் செய்ய வேண்டியது. என் மகனுக்குப் போன் எடுங்கள், ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், "கட்டையான ஆள் மல்லுக்கட்டேலாது எண்டு நான் சொன்னது பிழை" என்று இருமாமல் சொல்லுங்கள். அதுவரைக்கும் என்னோடு கதைக்க வேண்டாம். அடுத்த மாதம் பதினாலாம் திகதி லண்டன் வருவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வரத் தேவையில்லை. சவுத்தாலில் கிருஷ்ணராசா மச்சான் வீட்டில் தங்குங்கள், அங்கே கட்டில் ஐந்தரை அடி, நன்றாக மடங்கிப் படுக்கலாம். எனக்கு இனி ஒருவருடைய துணையும் தேவையில்லை. உயரமானவர்களுடைய துணை அறவே தேவையில்லை.

எங்கள் பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நீளத்தை வேண்டிய அளவு ஏற்கனவே கொடுத்துவிட்டார். அண்ணிக்கு என் அன்பு, அதில் உங்களுக்குப் பங்கில்லை.

இப்படிக்கு,
தோற்காத தங்கை,
சிவமலர்

பி.கு.: திறப்பு குசினியில் ஆக மேல் அலுமாரிக்கும் மேலே கிடக்கிறது. மகன் காரில் ஏன் சிரித்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது. அகப்பைக் காம்பால் தட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. கூட்டுகிற தும்புத்தடியால் இழுக்கப் பார்த்தேன், இன்னும் உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கதிரையில் ஏறினால் இடுப்பு போய்விடும். மகனைக் கேட்க மாட்டேன், கேட்டால் தோற்றதாகிவிடும். கௌசி என்னைவிட அரை அங்குலம் குறைவு, அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்தக் கடிதத்தையே கதவிடுக்கில் செருப்பைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த்தான் தபால்பெட்டியில் போடுகிறேன். ஆகையால் சவுத்தாலுக்குப் போக வேண்டாம், விமான நிலையத்தில் இருந்து நேரே இங்கே வாருங்கள். மகன் வேலைக்குப் போன பிறகு வாருங்கள். உங்கள் கை மட்டும் போதும், வாய் வேண்டாம். பனங்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அது ஆகக் கீழ்த் தட்டில், அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் இங்கிலீசு டக் செய்ய வேண்டும்.