பச்சைத் தண்ணீர்

"பச்சையா இருக்கு," என்றார் மேனேஜர்.

பூல்காரர் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீச்சல் குளத்துத் தண்ணீரை அதில் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். அதை அட்டையோடு ஒத்துப் பார்த்தால் புளிப்பு, காரம், குளோரின் எல்லாம் தெரிந்துவிடும். எல்லாம் சரி என்றது அட்டை. இல்லை என்றது மேனேஜரின் கண். அட்டையா பூல்காரரை வேலைக்கு வைத்தது?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு நீட்டினார். குடித்துவிடலாம் போலத் தெளிவாக இருந்தது.

"டம்ளர்ல தெரியாது. மொத்தமாப் பார்த்தாத்தான் தெரியும்," என்றார் மேனேஜர்.

நாலு மாதம் மூடிக் கிடந்த குளம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு. மகளின் பிரசவத்துக்காகப் பூல்காரர் பத்து நாள் லீவு போட்டிருந்தார். அந்தப் பத்து நாளில் மேனேஜரே நின்று வாசல் கேட்டுக்குப் பளபளவென்று புதுப் பச்சை அடித்து, குளத்துக்கும் பெயின்ட் அடித்து, தண்ணீரும் நிரப்பிவிட்டார். நின்று என்றால் கேட்டருகே நின்று. குளத்துப் பக்கம் எல்லாம் போனிலேயே முடிந்தது. பதினோரு வருஷத்தில் பூல்காரர் இல்லாமல் குளம் நிரம்பியது இதுதான் முதல் தடவை.

அவர் லீவு போட்டதால்தான் பாசி பிடித்துவிட்டது என்பது மேனேஜரின் கட்சி. சனிக்கிழமைக்குள் தண்ணீர் நீலமாக வேண்டும், இல்லையென்றால் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போனால் பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறையும் போகும். அதில் இப்போது மனைவி, மகள், பிறந்து பன்னிரண்டு நாளான பேத்தி.

"அவர் சொல்ற மாதிரியே செஞ்சுடுங்களேன்," என்றாள் மனைவி. "உங்க அட்டையைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுலயா நிக்கிறது?"

வியாழக்கிழமை காலை, பாசியைக் கொல்ல இரண்டு மடங்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். மத்தியானம் தண்ணீர் கலங்கி, காரம் ஏறி, குழாயில் விட்ட சொட்டு ரத்தச் சிவப்பாகிவிட்டது. காரத்தை இறக்க ஆசிட் ஊற்றினார். பதற்றத்தில் கை தாராளமாகிவிட்டது. சொட்டு வெளிறிய மஞ்சளுக்கு இறங்கியது. கிளம்பிய நெடியில், துண்டு மடிக்கிற அம்மா இருமிக்கொண்டே வெளியே ஓடினார். புளிப்பை இறக்கச் சோடா உப்பு கொட்டினார். குளம் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப்போய், முதல் படிக்கட்டுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வந்து பார்த்தார்.

"பச்சை போயிடுச்சு சார்," என்றார் பூல்காரர், ஏதாவது நல்ல சேதி சொல்ல வேண்டுமே என்று.

"நான் கேட்டது நீலம்."

வெள்ளிக்கிழமை படிகாரம். கலங்கலை அது அடிக்கு இழுத்துப் படிய வைக்கும். படிந்ததை உறிஞ்சு குழாயால் மணிக்கணக்கில் இழுத்ததில் ஃபில்டர் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் கழற்றிக் கழுவினார். இடுப்பு விட்டுப் போயிற்று. சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம் முதலில் குளம் சாப்பிடட்டும் என்று எரிந்து விழுந்தார். பிறகு அதற்காக வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. அட்டை மறுபடி எல்லாம் சரி என்றது. குளத்துக்குள் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். அடியில் அதே பச்சை, முன்னைவிடப் பளிச்சென்று.

நீளக் கழி பிரஷ்ஷை எடுத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் தேய்த்தார். பிரஷ் போனது போலவே வெள்ளையாக வெளியே வந்தது.

கரையில் உட்கார்ந்து 'ஆழம் ஐந்து அடி' என்று எழுதிக்கொண்டிருந்த பெயின்டர், "அண்ணே, அது தேய்ச்சாப் போகாது," என்றார்.

"பதினோரு வருஷமா நான் பார்க்காத பாசியா? உன் வேலையைப் பாருப்பா."

பெயின்டர் அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எட்டே முக்காலுக்கு வெளியே தோளில் துண்டோடு வரிசை நின்றுவிட்டது. மேனேஜர் வந்தார், குளத்தைப் பார்த்தார், போனை எடுத்து வெளிக் கம்பெனியின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

பூல்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் அசதியும் ஒன்றாக வந்து அமுக்கியது. கோபம்கூட வரவில்லை.

"சார், இதுக்கு மேல என்னால ஆகாது. அவங்களையே வரச் சொல்லுங்க. ரூமைக் காலி பண்ண மட்டும் ஒரு மாசம் கொடுங்க. கைக்குழந்தை இருக்கு."

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டே, இந்தப் பாசிக்குக் காரணமான ஆளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

பெயின்டர் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"பாசியா? தரைக்கு நீலம் பத்தலேன்னு போன் பண்ணப்போ, 'கேட்டுக்கு அடிச்ச பச்சை மிச்சம் இருக்குல்ல, அதையே அடிச்சு விடுப்பா, அடியில போய் எவன் பார்க்கப் போறான்'னு நீங்கதானே சார் சொன்னீங்க?"