என் பேரை எடுத்துவிடு, மருமகனே

கோவில்பத்து,
காரைக்கால்.

சிரஞ்சீவி ஜெயபிரகாஷுக்கு உன் தாய்மாமன் நீலமேகம் ஆசி கூறி எழுதுவது. சென்னையில் அக்காவும் நீயும் சௌக்கியமா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். இங்கே கரண்ட் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, நான் ஒருவன்தான் சரியாக இல்லை. காரணம் நீ.

நான் யார்? கல்லூரியில் இணைப் பேராசிரியர். கடலோரத்து உப்பு மண்ணை எந்த நெல் தாங்கும் என்று வருஷக்கணக்கில் சேற்றில் நின்று ஒரே ஒரு கட்டுரை எழுதியவன். அதை நாலைந்து பேர் மேற்கோள் காட்டினார்கள். அது என் சொந்தச் சம்பாத்தியம். போன மாதம் என் மகள் சிவப்ரியா, யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் இணையதளத்தில் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஆயிரக்கணக்குல மேற்கோள் இருக்குப்பா. இதயம், சிமென்ட், இறால் தீவனம், சனி கிரகத்து வளையம்னு எல்லாத்துலயும் எழுதியிருக்கீங்க" என்றாள். எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

உனக்குப் போன் போட்டால் நீ சொல்கிறாய்: "மாமா, இந்த ஆராய்ச்சிக் குழுவுக்கெல்லாம் புள்ளிவிவரம் போட்டுக் கொடுக்கிறது நான்தான், கட்டுரைய அனுப்புறதும் நான்தான். என் கல்யாணப் பத்திரிகையில உங்க பேரு விட்டுப்போச்சுன்னு மண்டபத்து வாசலோட திரும்பிப் போனீங்கல்ல, அதான் இனிமே எதுலயும் மாமன் பேர விடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க." அடேய், பத்திரிகை வேற, ஆராய்ச்சிக் கட்டுரை வேறடா. தங்கள் நல்வரவை விரும்பும் என்று சொந்தக்காரனை எல்லாம் வரிசையாப் போடுற இடமா அது? சரி, போட்டதுதான் போட்ட, உன் பெரியப்பா சிவநாதனுக்குக் கீழயா என் பேரைப் போடுவ? தாய்மாமன்டா நான்.

இதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். சிவப்ரியா பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு ரோழே, பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர், "மிசே நீலமேகம், பக்கத்துலயே இதய டாக்டர வச்சுக்கிட்டு நான் தஞ்சாவூருக்கு அலையிறேனே" என்று ஈசிஜி தாளோடு வந்துவிட்டார். நான் நெல்லுக்காரன் என்றால், இவருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க என்று என் பெண்டாட்டியிடமே சொல்கிறார். தினமும் காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு என் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், நான் காபி கொடுத்து அனுப்புகிறேன். திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சார், சனிப்பெயர்ச்சிக்கு ஒரு பஞ்சாங்கம் ஒரு தேதி சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. சனிய ஆராய்ச்சி பண்ணவரு நீங்க, சரியான தேதியச் சொன்னீங்கன்னா ரூம் வாடகைய ஏத்திடுவேன்" என்கிறான். இவனுக்கெல்லாம் நான் பட்டம் வாங்கிக் கொடுத்தேன் பார்.

இதெல்லாம் போகட்டும். பேராசிரியர் பதவி உயர்வுக்கு நேர்காணல் நடந்ததே, அதைச் சொல்கிறேன். அடுத்த வருஷம் ஓய்வு, எனக்கு இதுதான் கடைசி. என் வயலில் விளைந்த கதிரை ஒரு பையில் கட்டி எடுத்துப்போனேன். ஒருத்தனும் நெல்லைப் பத்திக் கேக்கலடா. தலைவர் அந்த இணையதளத்தில் எடுத்த தாளைப் புரட்டிவிட்டு, "இதயத்துக்கும் சிமென்ட்டுக்கும் என்ன தொடர்பு கண்டீங்க, சொல்லுங்க" என்றார். "ரெண்டும் இறுகும் சார்" என்று உளறினேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பையை அப்படியே திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வயிறு எரியுதுடா. நான் சேத்துல நின்னதெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?

இந்த வாரத்துக்குள் எல்லாக் கட்டுரையிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடு. எடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு இதழுக்கும் நானே எழுதுவேன், உன் வேலை போனால் என்னிடம் வந்து நிற்காதே.

நீயும் உன் குடும்பமும் சகல சௌபாக்கியங்களோடு இருக்க வேண்டும். அக்காவிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல். ரொம்பக் கோபம் என்று சொல்லாதே, அழுவாள்.

இப்படிக்கு,
நீலமேகம்

பி.கு.: உறையை ஒட்டும்போது உத்தரவு வந்துவிட்டது. நான் பேராசிரியர் ஆகிவிட்டேன். ஒரு கட்டுரையிலும் கை வைத்துவிடாதே. ஆனால் உத்தரவில் நான் சாதித்த துறைகள் என்று இதயம், சிமென்ட், இறால், சனி எல்லாம் இருக்கிறது, நெல் மட்டும் இல்லை. உனக்குத் தெரிந்த யாராவது நெல்லைப் பற்றி எழுதினால், அதில் என் பேரையும் சேர்த்துவிடுப்பா.