பூத்த பேட்டரி

டெர்மினல் பூத்திருந்தது. மல்லிகை பூத்தால் மணக்கும். பேட்டரி பூத்தால் மானம் போகும்.

படகின் பின்பக்கப் பெட்டியைத் திறந்த தங்கப்பாண்டி, கிளாம்பை மூடியிருந்த பச்சை உப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். கம்பத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள் பெரிய குளம். டூரிஸ்டுகளுக்காகக் குளத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு போட்டு. இன்னும் சற்று நேரத்தில் ஆண்டிபட்டியிலிருந்து செல்லப்பாண்டி குடும்பத்தோடு வந்துவிடுவார்.

தங்கப்பாண்டியின் மகள் சினேகாவுக்கும் செல்லப்பாண்டியின் மகன் விஜயகுமாருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்திருந்தது. படியாதது அப்பன்மார்தான். கல்யாணம் கம்பத்திலா ஆண்டிபட்டியிலா என்பதிலேயே பேச்சு இரண்டு முறை முறிந்துவிட்டது. இருவரும் யாவாரிகள். விலை படியாவிட்டால் துண்டை உதறி எழுந்து நடப்பதும், எதிராளி எப்படியும் கூப்பிடுவான் என்று காதை மட்டும் பின்னால் விட்டுவைப்பதும் பிறவிப் பழக்கம். முதல் தடவை இவர் எழுந்தார்; அவர் கூப்பிடவில்லை. மறுதடவை அவர் எழுந்தார், இவர் கூப்பிடுவாரா?

"இன்னைக்கும் எந்திரிச்சுப் போனா, வேற எடம் பாத்துக்கிருவோம்னு சொல்லிட்டாக," என்றாள் மனைவி ராக்கம்மாள்.

"ஏன் எந்திரிக்கப் போறாரு? போட்டுல ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன். தோட்டத்தப் பாத்து வாயப் பொளந்தா, கல்யாணம் கம்பத்துலதான். முதல்ல இந்தச் சனியன் கெளம்பணுமே!"

"குத்துவிளக்கே புளி போட்டாத்தான் பளபளங்குது. இது எம்மாத்திரம்?" ராக்கம்மாள் கைநிறையப் புளியோடு வந்தாள்.

தேய்த்தார். கிளாம்பு பளபளத்தது. சாவியைத் திருப்பினார். மோட்டார் ஒரு முனகலோடு அடங்கியது. பேட்டரியின் தலையில் ரசம் வைத்த மாதிரி புளித்தண்ணி தேங்கி நின்றது.

"ஆப்பச் சோடாவ வெந்நியில கலந்து ஊத்தணும்னு மெக்கானிக் சொல்லிருக்கான். எடு."

"பஜ்ஜிக்கு வச்சிருக்கேன்."

"மக கல்யாணம் பெருசா, பஜ்ஜி பெருசா?"

மொத்தத்தையும் கொட்டினார். நுரை பொங்கி, ஆசிட்டையும் அள்ளிக்கொண்டு, கஞ்சி போட்ட வேட்டியில் இறங்கியது. டெர்மினலில் உப்பு போனது. வேட்டியில் பொத்தல் வந்தது.

"இனிமே பூக்காம இருக்கக் கிரீஸ் பூசணும். மாட்டி இறுக்கிட்டு, மேலாப்புல."

"மேல பூசுறதே நல்லதுன்னா, அடியிலயே அப்புனா இன்னும் நல்லதுதானே?" என்றாள் ராக்கம்மாள்.

யாவாரிக்கு இது நியாயமாகத்தான் பட்டது. சாமிக்குச் சந்தனக் காப்புப் போடுவதுபோல் அப்பிவிட்டுக் கிளாம்பை மாட்டினார். ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"ஏங்க, அது ஈயம். ரொம்ப முறுக்குனா பிஞ்சிரும். கார் சத்தம் கேக்குது, வாங்க!"

ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். செல்லப்பாண்டி இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி சுருளியம்மாள் பூவும் பழமுமாக. மாப்பிள்ளைப் பையன் இறங்கிய வேகத்தில் கொடிப் பந்தலுக்குள் மறைந்தான். சினேகா ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள்.

அப்பன்மார் இருவர் மட்டும் ஏறினார்கள். சாவியைத் திருப்பியதும் போட்டு கிளம்பியது! தங்கப்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"துடுப்பக் காணோமே?" என்றார் செல்லப்பாண்டி.

"பேட்டரி போட்டுக்கு எதுக்குண்ணே துடுப்பு?"

நடுக்குளத்தில் மோட்டார் செத்தது. சாவியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பேட்டரிப் பெட்டியை ஒரு குத்துக் குத்தினார். கிரீஸ் கையில் ஒட்டியதுதான் மிச்சம்.

"ஒரு பேட்டரியப் பராமரிக்கத் தெரியல. இவரு கம்பத்துல கல்யாணத்த நடத்தப் போறாராம்!"

"ஆண்டிபட்டியில நடத்துனா குடிதண்ணி யார் தருவா? லாரியா?"

"அப்ப நான் வாரேன்!" செல்லப்பாண்டி துண்டை உதறி விருட்டென்று எழுந்தார். போட்டு ஒருபக்கம் சாய்ந்தது. உட்கார்ந்தார்.

"எங்க போறீக? போங்களேன்," என்றார் தங்கப்பாண்டி.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"எங்கூர்ல மொதல்ல தண்ணி வரட்டும்."

சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். அடக்கிக்கொண்டார்கள். இன்னொரு வாக்குவாதத்தில் தங்கப்பாண்டியும் தன் பங்குக்கு எழுந்து பார்த்தார்.

"உக்காருங்க மச்சான், பொத்தல் வழியா முழங்கால் தெரியுது!"

அந்த 'மச்சான்' வேலை செய்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எழுந்து போகமுடியாத இடத்தில் யாவாரி என்ன செய்வான்? பேசித்தான் தீர்க்கவேண்டும். கல்யாணம் கம்பத்தில், நிச்சயமும் வரவேற்பும் ஆண்டிபட்டியில் என்று படிந்தது. பழக்க தோஷத்தில், சந்தையில் விலை முடிப்பதுபோல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து முடித்துக்கொண்டார்கள்.

"பேசி முடிச்சாச்சு! ஆள விட்டு இழுங்க!" என்று தங்கப்பாண்டி கரையைப் பார்த்துக் கத்தினார்.

கரையில் ராக்கம்மாளும் சுருளியம்மாளும் பஜ்ஜி இல்லாத காப்பியைக் குடித்துக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் மேல் குரல் போட்டு வரைக்கும் தெளிவாக நடந்து போகும் என்பது ஆண்டிபட்டிக்காரி சுருளியம்மாளுக்குத் தெரியவில்லை.

"சொன்னபடியே நடுக்குளத்துல நிப்பாட்டிட்டீகளே மதினி! சீர்ப் பேச்சு இன்னும் கெடக்கு, அதுவரைக்கும் அந்தப் பேட்டரிய மாத்திராதீக."